புற்றுநோய் மருந்தின் விலை கைமீறிப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் மருந்துச் செலவு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்தை வாங்க யாரிடம் போவது, என்ன கேட்பது, எந்தக் காகிதத்தைக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மாதம் லட்ச ரூபாய் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டோம். வேறு வழி உண்டா?

உண்டு. அடகுக் கடைக்கு முன்னால் போக வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. அந்த வரிசை மாறினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அரசுக் காப்பீடு, பிரதமரின் நிவாரண நிதி, பெரும்பாலான அறக்கட்டளைகள் எல்லாமே இனி ஆகப்போகிற செலவுக்குத்தான் உதவுகின்றன. பணத்தையும் நேரே மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. ஏற்கெனவே கட்டிய பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. கையிருப்பு முழுக்கக் கரைந்த பிறகு விசாரிக்க ஆரம்பிக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களில் பலர் முதல் வாரமே கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

டாக்டரிடம் "இந்த மருந்தை எந்தத் தேதிக்குள் தொடங்கியாக வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ரத்தப் புற்றுநோய்களில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. அப்படியானால் முதல் தவணையை எப்படியாவது கட்டிவிட்டு மற்றதைத் தேடுங்கள். வேறு பல புற்றுநோய்களில் சில நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் விலை குறையுமா, காப்பீட்டில் வருமா, கம்பெனி உதவித் திட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கடனும் அடகும் அப்புறம்தான்.

பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். எம்.எஸ்.டபிள்யூ. எங்கே என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். எந்த நிதிக்கு எந்தப் படிவம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேசினால் தப்பாக நினைக்க மாட்டாரா?

பேசியே ஆக வேண்டும். சங்கடப்பட்டு வாயை மூடிக்கொண்டு வந்து, மூன்றாவது மாதம் மருந்தை நிறுத்திவிட்டால் நோய்தான் ஜெயிக்கும். "எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும் டாக்டர்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், அதற்குள் என்ன செய்யலாம் என்று அவரால் யோசிக்க முடியும்.

கேட்க வேண்டியவை இவை. இந்த மருந்து நோயைக் குணமாக்கவா, தள்ளி வைக்கவா? எத்தனை மாதம் எடுக்க வேண்டும்? இது முடியாவிட்டால் அடுத்தது எது, இரண்டுக்கும் பலனில் எவ்வளவு வித்தியாசம்? ஜெனரிக்கோ பயோசிமிலரோ, அதாவது வேறு கம்பெனி குறைந்த விலையில் தயாரிக்கும் அதே மருந்தோ அதைப் போன்றதோ, இருக்கிறதா? பதிலைக் கையோடு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு: குறைந்த டோஸில் கொடுத்துப் பார்த்த ஆய்வு எதுவும் இருக்கிறதா? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோய் நோயாளிகளுக்கு, வழக்கமான மலிவு மாத்திரைகளோடு நிவோலுமேப் ஊசியை 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் வழக்கமான அளவு 2 வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், இந்தச் சிறு அளவு சேர்ந்ததும் அது 43.4 சதவீதமானது. 2022-ல் முடிவுகள் வெளிவந்தன. முழு டோஸ் வாங்க வழியில்லாத குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி சமீபத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோனும் அப்படித்தான். வழக்கமாக 1,000 மி.கி. வெறும் வயிற்றில். கொழுப்புக் குறைந்த காலை உணவோடு 250 மி.கி. எடுத்தால் ஏறக்குறைய அதே பலன் தெரிந்ததாக 2018-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. உணவோடு எடுக்கும்போது மருந்து உடம்பில் அதிகமாகச் சேர்கிறது என்பதுதான் காரணம். டாக்டர் சொல்லாமல் இதை யாரும் தானாகச் செய்துவிடக் கூடாது. ஆனால் கேட்கலாம்.

காசு மிச்சப்படுத்த ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டால்?

வேண்டாம். மேலே சொன்னவை ஆய்வில் சோதித்துப் பார்த்த அளவுகள். வீட்டில் நாமாகக் குறைப்பது வேறு விஷயம். நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் எடுப்பவர்கள் விட்டுவிட்டுப் போட்டால் மருந்து பலிக்காமல் போகும் அபாயம் கூடுகிறது. அதற்கப்புறம் மாற வேண்டிய மருந்து இன்னும் விலை கூடியதாக இருக்கலாம். மாத்திரை தீர 10 நாள் இருக்கும்போதே "அடுத்த மாதத்துக்குப் பணம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

விலை குறைந்த ஜெனரிக் மருந்து நிஜமாகவே வேலை செய்யுமா?

இந்தக் கேள்விக்குச் சென்னைக்கும் தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. இமாடினிப்பை நோவார்ட்டிஸ் கம்பெனி கிளிவெக் என்ற பெயரில் விற்றது. மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கொடுத்தன. நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டபோது புற்றுநோயாளிகள் நலச் சங்கம் ஒன்றும் எதிர்த்து நின்றது. 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அங்கேயும் கம்பெனி தோற்றது. அன்றிலிருந்து இன்றுவரை ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஜெனரிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

சோராஃபெனிப் இன்னொன்று. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான இந்த மாத்திரையைப் பேயர் கம்பெனி மாதம் சுமார் 2.8 லட்சத்துக்கு விற்றது. 2012-ல் மத்திய அரசின் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், ஹைதராபாதின் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார், அதாவது காப்புரிமை இருக்கும்போதே அந்த மருந்தைத் தயாரிக்க அனுமதித்தார். மாத விலை 8,880 ரூபாய்க்கு வந்தது.

ஊசியாகப் போடும் உயிரியல் மருந்துகளுக்கு ஜெனரிக் என்று சொல்வதில்லை, பயோசிமிலர் என்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப்புக்கு 2014-ல் பயோகான் கம்பெனியின் பயோசிமிலர் வந்தது. பிறகு வேறு கம்பெனிகளும் வந்தன. பெவாசிசுமாப், ரிடுக்சிமாப் ஆகியவற்றுக்கும் உண்டு. ஒரு கம்பெனியின் பயோசிமிலரில் தொடங்கினால், மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புரிமை இன்னும் முடியாத புது மருந்துகளுக்கு இந்த வழி இருக்காது.

ஒரே மருந்து கடைக்குக் கடை ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அட்டையில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருப்பதால்தான். 2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. நுரையீரல் புற்றுநோய்க்கான பெமெட்ரெக்செட் 500 மி.கி. ஊசியின் ஒரு பிராண்ட் 22,000 ரூபாயிலிருந்து சுமார் 2,800-க்கு இறங்கியது. எர்லோடினிப் 150 மி.கி. பிராண்ட் ஒன்று 9,999-லிருந்து 892 ரூபாய்க்குக் கீழே வந்தது. முன்பு அந்த மீதிப் பணம் யார் சட்டைப்பைக்குப் போனது என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

பட்டியலில் இல்லாத மருந்துகளில் இந்த இடைவெளி இன்றும் இருக்கலாம். அதனால் மருந்தின் வேதிப்பெயர், அளவு இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு நாலு இடத்துக்குப் போன் போடுங்கள். "எம்.ஆர்.பி.யில் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். புற்றுநோய் மருந்து மட்டும் விற்கும் ஸ்டாக்கிஸ்டுகள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். மத்திய அரசின் அம்ரித் மருந்தகங்களிலும் புற்றுநோய் மருந்துகள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் வாந்தி, வலி, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான துணை மருந்துகளை வாங்கினாலே மாதாமாதம் கணிசமாக மிஞ்சும்.

பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு வரியே கிடையாது.

மருத்துவமனைக்குள் இருக்கும் கடையில்தான் வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. மாத்திரையை எந்த உரிமம் பெற்ற கடையிலும் வாங்கலாம். பல ஊசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும் என்பதால், வெளியிலிருந்து கொண்டுவருவதை மருத்துவமனை யோசித்துத்தான் ஏற்கும். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. அப்போது வெளிக்கடை விலையைக் காட்டி, இதே விலைக்குத் தர முடியுமா என்று மருந்தகப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். குறைத்துக் கொடுப்பதும் உண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் வருமா?

வரும். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ மூன்றுக்கும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இந்தத் தொகை முழுக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். நோயாளியின் பெயர் ரேஷன் அட்டையில் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன மகள் வீட்டில் இருந்து வைத்தியம் பார்க்கும் அம்மாவின் பெயர் ஊரில் உள்ள அட்டையில் இருக்கும், அதைக் கொண்டுவரவே ஒரு வாரம் ஓடிவிடும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருந்தாலும் எல்லா மருந்தும் அதில் அடங்காது. எந்தெந்தக் கீமோ முறைக்கு எவ்வளவு என்று பட்டியல் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புது இம்யூனோதெரபி ஊசிகளில் பல அதில் இல்லை. சிகிச்சை தொடங்கும் முன் முன் அனுமதி வாங்க வேண்டும். அதனால் சேரும்போதே திட்டத்தின் தொடர்பு அலுவலரைப் பார்த்து, "இந்த மருந்து இந்தத் திட்டத்தில் வருகிறதா?" என்று மருந்துச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

70 வயது நிரம்பியவர்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா காப்பீட்டு அட்டை 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதையும் அதே மையத்தில் விசாரியுங்கள்.

மருந்து பட்டியலில் இல்லை, அல்லது 5 லட்சமும் தீர்ந்துவிட்டது. இனி?

அரசு சார்ந்த அல்லது தொண்டு அடிப்படையிலான புற்றுநோய் மையத்துக்கு மாறுவதைப் பற்றித் தயங்காமல் யோசியுங்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி வைத்த அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா நினைவு மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மூன்றும் மண்டலப் புற்றுநோய் மையங்கள். மருந்துகளை மொத்தமாகப் பேசி வாங்கும் ஏற்பாடு தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பில் உண்டு. டாடா மெமோரியலை மையமாகக் கொண்ட இந்தக் கூட்டமைப்பு 40 மருந்துகளுக்குச் சேர்ந்து விலை பேசியபோது பெரும்பாலானவை அடிமாட்டு விலைக்கு வந்தன. நீங்கள் போகும் மருத்துவமனை அதில் உறுப்பினரா என்று கேட்டுப் பாருங்கள்.

தனியாரில் அறுவை சிகிச்சை முடித்துவிட்டு, நீண்டகால மருந்தை மட்டும் அரசு மையத்தில் தொடர்கிறவர்கள் நிறைய. டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்சி அறிக்கை, பயாப்சி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு), ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கை விட்டுவிட்டுப் போய் மறுபடி அலைகிறவர்கள் அதிகம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மண்டல மையங்கள் வழியாகவே மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளிகள் நிதி உண்டு. தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள் அதைக் கேட்க முடியாது.

பிரதமரின் நிவாரண நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

மருத்துவமனை அரசுடையதாகவோ, அந்த நிதியின் பட்டியலில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். படிவம், முத்திரையுடன் கூடிய அசல் எஸ்டிமேட், வருமானச் சான்று, ரேஷன் அட்டை நகல், புகைப்படம் 2. உங்கள் தொகுதி எம்.பி.யின் பரிந்துரைக் கடிதமும் சேர்ந்தால் நல்லது. அவர் அலுவலகத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார், கட்சிக்காரர் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. எஸ்டிமேட்டில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

மருந்துக் கம்பெனியே இலவசமாகக் கொடுக்குமாமே?

விலை கூடிய மருந்துகள் பலவற்றுக்கு நோயாளி உதவித் திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கை ஊசி அல்லது ஸ்ட்ரிப் வாங்கினால் அடுத்தது இலவசம் என்பது வழக்கமான அமைப்பு. சிலவற்றில் வருமானத்தைப் பார்த்து முழுவதும் இலவசமாகக் கொடுப்பார்கள். கிளிவெக்கை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த திட்டத்தை மேக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தியது. அந்த அமைப்பு இன்றும் சில மருந்துகளுக்கு வேலை செய்கிறது.

உங்கள் டாக்டர்தான் பதிவு செய்ய வேண்டும். முதல் ஊசி வாங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் முன்னால் வாங்கியது கணக்கில் சேராமல் போகலாம். பில் நோயாளியின் பெயரில் இருக்க வேண்டும். காலி அட்டையையோ ஊசி மருந்துக் குப்பியையோ திருப்பிக் கேட்பார்கள், தூக்கி எறியாதீர்கள். இதில் ஒரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்: வாங்க வேண்டிய பங்கே உங்கள் சக்திக்கு மீறியதென்றால், "மீதி இலவசம்" என்பதில் மயங்கித் தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கக் கூடாது. டாக்டரிடம் அடுத்த மருந்தைக் கேளுங்கள்.

தனியார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மாத்திரைக்கும் இம்யூனோதெரபிக்கும் தர முடியாது என்கிறார்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்று சொன்ன நவீன சிகிச்சைப் பட்டியலில் வாய்வழி கீமோவும், ஊசியாகப் போடும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி இம்யூனோதெரபியும் இருக்கின்றன. 2020 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. ஆனால் துணை வரம்பு, அதாவது அந்தச் சிகிச்சைக்கு மட்டும் ஓர் உச்சத் தொகை, வைக்கலாம். உங்கள் பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று பாருங்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை அவர் விசாரிப்பார்.

சம்பளக்காரர்களுக்கு வேறு ஏதாவது?

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் புற்றுநோய் சிகிச்சை அதில் உண்டு. நீண்ட விடுப்புக்கு, தகுதியுள்ளவர்களுக்கு 2 ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். இதைக் கேட்காமலே வேலையை விட்டுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. பி.எஃப். கணக்கிலிருந்து மருத்துவக் காரணத்துக்கு எடுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவு 40,000 வரை, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை.

ரயிலில் சிகிச்சைக்குப் போய்வரும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

வாங்காதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. மருத்துவமனை மருந்தகங்களில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளைக் காசு கொடுத்து வாங்கி, பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி விற்றிருக்கிறார்கள். மருந்தின் பேட்ச் எண் போட்ட பில் தராத எவரிடமும் புற்றுநோய் மருந்து வாங்கக் கூடாது. ஊசி போட்டு முடிந்ததும், உதவித் திட்டத்துக்குத் தேவையில்லை என்றால், காலிக் குப்பியை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் கிடைக்காத மருந்தை வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.

கிளினிக்கல் டிரையலில் சேர்ந்தால் மருந்து இலவசம்தானே?

ஆய்வு மருந்துக்குப் பணம் வாங்க மாட்டார்கள். புது மருந்து பெறும் குழுவா, வழக்கமான சிகிச்சை பெறும் குழுவா, எதில் விழுவோம் என்பது நம் கையில் இல்லை. ஆய்வு முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா, ஸ்கேன் செலவு யாருடையது, பாதிப்பு வந்தால் இழப்பீடு என்ன என்பதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இருக்கிற நிலத்தை விற்றால் இன்னும் 6 மாதம் மருந்து வாங்கலாம். விற்கட்டுமா?

இதை நான் முடிவு செய்ய முடியாது. நோயாளியையும் உட்காரவைத்து, டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த 6 மாத மருந்து எவ்வளவு காலத்தைக் கூட்டித் தரும், அந்தக் காலம் எப்படி இருக்கும்? நோயாளிக்குத் தெரியாமல் வீட்டார் விற்பதும், பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகுமே என்று நோயாளி உள்ளுக்குள் மருகுவதும் வேண்டாம்.

நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தை நிறுத்தினாலும் வலிக்கான வைத்தியம் நிற்காது. மார்ஃபின் மாத்திரை விலை குறைந்தது, டாக்டர் சொன்னபடி எடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

எந்தெந்தக் காகிதத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்?

பயாப்சி அறிக்கை, டாக்டரின் சிகிச்சைக் குறிப்பு, முத்திரையிட்ட எஸ்டிமேட், வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம். ஒவ்வொன்றிலும் 5 நகல். கிளம்பும் முன் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் "மு. செல்வி", ரேஷன் அட்டையில் "செல்வி முருகன்", எஸ்டிமேட்டில் "செல்வி அம்மாள்" என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். மருத்துவமனைப் பதிவிலேயே ஆதாரில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். மற்றதை இ-சேவை மையத்தில் முதல் வாரமே திருத்தக் கொடுத்துவிடலாம்.